துரைமார் நாய்களும் நம் ஊர் நாய்களும்

பழநிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயக்குடி என்றால் எல்லோருக்கும் கொய்யாப்பழம்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர்க் கொய்யாச் சந்தை அவ்வளவு பிரசித்தம். ஆனால் ஆயக்குடி முன்பு ஒரு பாளையம். பாளையக்காரர், ஜமீன் என்று இருந்த ஊர். ஜமீன் இருந்த இடத்தில் வேட்டை இருக்கும். வேட்டை இருந்த இடத்தில் நாயும் இருக்கும்.

இன்று மலையடிவாரத்து விவசாயிக்குப் பெரிய தொல்லை காட்டுப்பன்றி. இரவில் ஒரு கூட்டம் புகுந்தால் போதும். மூன்று மாதப் பாடு ஒரே ராத்திரியில் போய்விடும். "வீட்டிலே நல்ல வேட்டை நாய் நிற்கிறது. அவிழ்த்துவிட்டால் என்ன?" என்று அவர் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். இதே கேள்வியைச் சீமையிலே, இங்கிலாந்து நாட்டு மலைகளிலே, ஆடு வளர்ப்பவர்களும் நெடுங்காலமாகக் கேட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம்.

குதிரை ஏறாத மலை

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் கம்ப்ரியா என்று ஒரு பகுதி. ஏரியும் மலையுமான சீமை. ஆடுதான் அங்கே குடியானவனின் சொத்து. குட்டி போடும் காலத்தில் நரி வந்து ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இங்கிலாந்துச் சமவெளியில் நரி வேட்டை என்பது பிரபுக்களின் பொழுதுபோக்கு. சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, உயர்ந்த குதிரை மேல் ஏறிக்கொண்டு போவார்கள். கம்ப்ரியாவில் அந்த ஜம்பம் நடக்காது. மலை செங்குத்து, குதிரை ஏறாது. எனவே நாய்க்குப் பின்னால் ஆட்களும் நடந்தே போனார்கள். ஆடு மேய்ப்பவர், கல் உடைப்பவர், பண்ணையாள் எல்லோரும் அதில் உண்டு. பிளென்காத்ரா, அல்ஸ்வாட்டர், மெல்பிரேக், கோனிஸ்டன் என்று ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு நாய்ப்படை இருந்தது.

இந்த நாய்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. ஜோடி, ஜோடியாக எண்ணுவார்கள். குளிர்காலம் முழுவதும் வேட்டை. கோடை வந்ததும் நாய்களைப் பிரித்துப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வீட்டில் ஒன்று, அடுத்த வீட்டில் இரண்டு. அந்த வீட்டுக் குழந்தைகள் அதோடு விளையாடுவார்கள். மழைக்காலம் திரும்பியதும் நாய் மறுபடி படைக்கு வந்து சேரும். நாய் யாருடையது என்று கேட்டால், ஊருடையது.

இந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களில் பெயர்பெற்றவர் ஜான் பீல். 1854ல் காலமானார். கால்ட்பெக் என்னும் கிராமத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவரைப் பற்றிய பாட்டு ஆங்கிலம் பேசும் நாடெல்லாம் பரவியது.

அப்புறம் சட்டம் வந்தது. நாய்களை விட்டுக் காட்டுப் பிராணியைத் துரத்திக் கொல்லக் கூடாது என்று 2004ல் பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறியது. 2005 பிப்ரவரி 18 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது அமலுக்கு வந்தது. "ஆட்டுக்குட்டிக்கு யார் பதில் சொல்வது?" என்று மலைக்காரர்கள் கேட்டார்கள். "நரியை நாய்கள் கடித்துக் குதறுவதுதான் பதிலா?" என்று எதிர்த்தரப்பு கேட்டது. எதிர்த்தரப்பே வென்றது.

நாய்ப்படைகள் கலைந்துவிடவில்லை. வாசனை தோய்த்த துணியை ஒருவர் தரையில் இழுத்துக்கொண்டு ஓடுவார். அந்த வாசனையைப் பிடித்து நாய்கள் ஓடும். ஆனால், "துணி சாக்குதான், நிஜமான நரியும் சாகிறது" என்று புகார் எழுந்தது. நேஷனல் டிரஸ்ட் என்ற பெரிய ஸ்தாபனத்துக்கு அந்த மலைகளில் ஏராளமான நிலம் உண்டு. 2021ல் அது தன் நிலத்தில் இந்தத் துணி வேட்டைக்கும் அனுமதி இல்லை என்றது. இதையும் தடுப்போம் என்று 2024 தேர்தல் அறிக்கையில் தொழிற்கட்சி சொன்னது. அந்தக் கட்சியே ஆட்சிக்கு வந்தது.

ஊட்டியில் நரி

சீமையில் நடந்தது சீமையோடு நிற்கவில்லை. வெள்ளைக்காரர் எங்கே போனாலும் கூடவே நாயும் போயிற்று. நீலகிரியில் குளிர் இருந்தது, புல்வெளி இருந்தது, சீமை நரிதான் இல்லை. அதனால் என்ன? நம் ஊர் நரியைத் துரத்தினார்கள்! 1830களிலேயே பட்டாளத்துத் துரைகள் இதை ஆரம்பித்துவிட்டார்கள். ஊட்டி வேட்டை என்று அதற்குப் பெயர். நாய்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன.

1891 முதல் 1896 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் வென்லாக் பிரபு. அவர் பெயரால் வென்லாக் டவுன்ஸ் என்று சுமார் 20,000 ஏக்கர் புல்வெளி ஒதுக்கப்பட்டது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த மலை அது. அதில் துரைமார் குதிரை ஓட்டினார்கள். கம்ப்ரியாவில் ஆட்டுக்குட்டியைக் காப்பாற்ற என்று ஒரு காரணமாவது சொன்னார்கள். ஊட்டியில் அந்தக் காரணமும் இல்லை. வெறும் உல்லாசம்.

1947க்குப் பிறகு வெள்ளைக்காரர் போனார்கள், நாய்கள் இருந்தன. வெலிங்டனில் உள்ள ராணுவக் கல்லூரி அதிகாரிகள் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்கள். 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புல்வெளியிலும் பெரும்பகுதி சீகை மரமும் தைல மரமும் மூடிவிட்டது.

கண்ணால் வேட்டை, மூக்கால் வேட்டை

நம் ஜமீன்களில் இருந்த நாய் வேறு ஜாதி. சீமை நாய் மூக்கை நம்பி ஓடும். கூட்டமாகக் குரைத்துக்கொண்டு போகும். நம் கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணை நம்பி ஓடும். முயல் கண்ணில் பட்டால் அம்பு மாதிரி பாயும். குரல் அதிகம் கொடுக்காது. அதற்குப் பெரும்படையும் வேண்டாம். ராஜபாளையம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். மூக்கு ரோஜா நிறம். தேனிப் பக்கத்துக் கோம்பை நாய் செம்பட்டை, வாய் கறுப்பு. காவலுக்குக் கெட்டிக்காரன்.

1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன்கள் போயின. 1972 சட்டத்தோடு வேட்டையும் போயிற்று. நாய்க்கு எஜமானும் இல்லை, வேலையும் இல்லை. பல கிராமங்களில் நல்ல இனம் தெரு நாயோடு கலந்து கரைந்தது.

சமீப வருஷங்களில் கொஞ்சம் மதிப்பு திரும்பியிருக்கிறது. 2005ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். அப்புறம் குட்டிக்கு விலை ஏறிற்று. ஆனால் ஒரு கெடுதலும் உண்டு. வெள்ளை நிறத்துக்காகவே நெருங்கிய உறவில் இனம் சேர்த்தால் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. விலையைப் பார்ப்பவர் இதையும் பார்க்க வேண்டும். ஓட இடமில்லாத மாடி வீட்டில் கன்னி நாயைக் கட்டிப்போடுவதும் பாவம்தான்.

சரி, பன்றிக்கு என்ன செய்வது?

நாயை ஏவித் துரத்திப் பிடிப்பதும் சட்டத்தின்படி வேட்டையே. சொந்தத் தோட்டம் என்று சொல்லித் தப்ப முடியாது. சிறைத் தண்டனை உண்டு. சிவராத்திரியை ஒட்டிச் சில கிராமங்களில் நடக்கும் முயல் வேட்டைக்கும் இதே விதிதான். பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து விளையாடும் வாழப்பாடிப் பக்கத்து வழக்கத்துக்கும் வனத்துறை அபராதம் போட்டிருக்கிறது. 2022ல் சட்டத்தைத் திருத்தியபோது நரியை முதல் அட்டவணைக்கே கொண்டுபோனார்கள். புலிக்கு உள்ள பாதுகாப்பு இன்று நரிக்கும் உண்டு. வயல் எலியைத் தின்னும் நரி விவசாயிக்கு நண்பன் என்பதையும் மறக்க வேண்டாம்.

காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மலையடிவாரத்திலேயே தோட்டம் வைத்திருப்பவருக்கு இதில் ஆறுதல் குறைவு. அவர் நிலம் காட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு நஷ்ட ஈடு உண்டு. மனுப் போட்டு, கணக்கெடுத்து, பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த விதைப்பு வந்துவிடக் கூடாது. நாயை அவிழ்க்காதே என்று சொல்லும் சர்க்கார், இந்தப் பணத்தையாவது காலத்தில் கொடுக்க வேண்டும். கேட்பதில் தவறே இல்லை.

அதுவரைக்கும் காவலுக்கு நாய் வளர்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அதற்குக் கன்னியைவிடக் கோம்பை நல்லது. சத்தம் கேட்டதும் குரல் கொடுக்கும். வேலிக்குள்ளே சங்கிலியில் இருக்கட்டும். வெறிநாய்க்கடி தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடவேண்டும். நாய் குரைத்ததும் விளக்கை ஏற்றித் தகரத்தைத் தட்ட, வீட்டில் ஒருவர் விழித்திருக்க வேண்டும்.