டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி எறியும் முன்

பழைய பெட்ரோல் அம்பாசிடரையோ பிரீமியர் பத்மினியையோ விற்க மனமின்றிப் பேணிவருகிற அன்பர்கள் தருமபுரி, பாலக்கோடு, அரூர்ப் பக்கங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய வண்டி ஒருநாள் மிஸ்ஸிங் காட்டி, மேட்டில் புல்லிங் குறைந்து, உச்சி வெயிலில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுத்தால், பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கிற ஆலோசனை ஒன்றுதான்: "டிஸ்ட்ரிபியூட்டர் போயிடுச்சுங்க, செட்டா மாத்திடலாம்." காரணத்தை ஆராயாமலே உறுப்பை மாற்றிவிடுகிற இந்தப் பழக்கத்தால் வண்டிக்காரரின் பணம் விரயமாவதோடு, ஒரு தலைமுறை சிரமப்பட்டுக் கற்ற வித்தையும் க்ஷீணித்து வருகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்தச் சிறு யந்திரம் செய்கிற காரியத்தைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலுக்குள் ஓடிக்கொண்டிருக்க, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சி.பி. பாயிண்ட் திறக்கிற அந்தக் கணத்தில் அது பல்லாயிரம் வோல்ட்டாக எழும்பி, ரோட்டார் வழியாக 1-3-4-2 என்ற கிரமத்தில் நான்கு பிளக்குகளுக்கும் பங்கிடப்படுகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது வினாடிக்கு நூறு பொறி, ஒவ்வொன்றும் அதனதன் தருணத்தில் விழவேண்டும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த இந்த ஏற்பாடு, லூகாஸ் கம்பெனியின் வடிவில் நம் அம்பாசிடருக்கு வந்து சேர்ந்தது. 1961-இல் தோன்றிய லூகாஸ் டிவிஎஸ், சென்னையை அடுத்த பாடியில் இவ்வகை மின்சாதனங்களை நம்மவர் கைகளாலேயே செய்து தந்தது.

சேலத்திலிருந்து தருமபுரிக்குத் தொப்பூர்க் கணவாய் ஏறி வருகிறவர்களுக்கு இதன் சூக்ஷ்மம் நன்றாக விளங்கும். எஞ்சினின் வேகம் கூடக்கூடப் பொறி சற்று முன்னதாக விழவேண்டும். அதற்காக உள்ளே இரண்டு எடைத் துண்டுகள் ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு விரிகின்றன. சமதரையில் இலேசாக ஓடும்போது இன்னும் சிறிது முன்னேற்றம் தருவதற்கு, கார்புரேட்டரிலிருந்து சிறு குழாய் வழியே வாக்குவம் இழுக்கிறது. மேட்டில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்ததும் அந்த வாக்குவம் தானே தளர்ந்து, பொறியைப் பின்னுக்குத் தள்ளி, எஞ்சின் நாக்கிங் அடிக்காமல் காக்கிறது. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்தில், வேகத்தையும் பாரத்தையும் தனித்தனியே உணர்ந்து நடந்துகொண்ட உபகரணம் இது. எடைத் துண்டுகளின் ஸ்பிரிங் நைந்து போனாலும், துருப்பிடித்துத் துண்டுகள் அசையாது நின்றாலும் வண்டி மேட்டில் திணறும். அப்போது பெட்ரோலையும் கார்புரேட்டரையும் பழித்துப் பயனில்லை.

ஆராய்ச்சிக்கு ஒரு கிரமம் உண்டு. காயிலிலிருந்து வருகிற நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து உருவி, ரப்பர் உறையோடு பிடித்து, எஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளி வைத்துச் சுழற்றிப் பார்த்தால், வலுவான நீலப் பொறி வருகிறதா என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும். அங்கே பொறி இருந்து பிளக்கில் இல்லையென்றால் குற்றம் மூடியிலோ ரோட்டாரிலோ பிளக் வயரிலோ இருக்கிறது. மூடியைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பென்சிலால் கீறியதுபோன்ற மெல்லிய கருங்கோடு உள்சுவரில் ஓடுவதைக் காணலாம்; மின்சாரம் அந்த வழியே கசிந்துவிடுகிறது. நடு வயரிலேயே பொறி இல்லாவிட்டால் பாயிண்டைத் திறந்து பார்க்கவேண்டும். ஒரு முனையில் மேடும் எதிர்முனையில் பள்ளமும் விழுந்திருந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் வரை ஒழுங்காக ஓடிய வண்டி, சூட்டோடு நிறுத்தி எடுக்கையில் மறுத்து, ஆறியபின் கிளம்புமானால், கண்டென்சரும் காயிலுமே முதலில் விசாரணைக்குரியவை. இன்னொன்றைப் பலரும் பார்ப்பதில்லை: பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டை உடலோடு இணைக்கும் பின்னிய எர்த் வயர். தட்டு வாக்குவத்தால் அசைந்து அசைந்து அது உள்ளுக்குள் இற்றுப்போகும். நிற்கும்போது பிடித்து, ஓடும்போது விட்டுவிடும்.

முழுமையாகப் பிரித்துச் செம்மை செய்வது பெரிய காரியமும் அல்ல, அவசரத்தில் முடிகிற காரியமும் அல்ல. ரோட்டாரை எடுத்துவிட்டு ஷாஃப்டின் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் புஷ் தேய்ந்திருப்பது விரலுக்கே தெரியும். அந்த ஆட்டம் இருக்கும் வரையில், அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு என்று ஃபீலர் கேஜ் வைத்து எவ்வளவு கவனமாகப் பாயிண்ட் அமைத்தாலும், ஷாஃப்ட் ஒருபுறம் சாயும்போது ஓர் இடைவெளியும் மறுபுறம் சாயும்போது வேறோர் இடைவெளியுமாகவே விழும். புதிய வெண்கல புஷ்ஷை எஞ்சின் ஆயிலில் ஒரு நாள் முழுதும் ஊறவைத்துப் பிறகே ஏற்றவேண்டும். அடியிலுள்ள டிரைவ் துண்டின் பல் நடுவில் இராது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். பின்னைத் தட்டிக் கழற்றும் முன் ரோட்டார்ப் பள்ளம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளாதவர், திரும்ப மாட்டும்போது டைமிங் நேர் எதிராகிப்போய்த் தவிப்பார். வாக்குவம் டப்பாவைப் பரீட்சிக்கக் கருவியே வேண்டாம்: குழாயை வாயால் உறிஞ்சி நுனியை நாக்கால் அடைத்தால், தட்டு நகர்ந்து நகர்ந்தபடியே நிற்கவேண்டும், மெதுவாகத் திரும்பிவிட்டால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது.

பாயிண்டையும் கண்டென்சரையும் நீக்கிவிட்டு அவற்றின் இடத்தில் எலக்ட்ரானிக் சாதனம் பொருத்துவதை நான் வெறுப்பவனல்லன். இப்போது கடையில் கிடைக்கிற கண்டென்சர்களில் பல சில மாதங்களுக்குள் கைவிடுவதைப் பார்க்கும்போது அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் அந்தச் சாதனம் தேய்ந்த புஷ்ஷைச் சரி செய்யாது, நைந்த ஸ்பிரிங்கை இறுக்காது, கீறல் விழுந்த மூடியை ஒட்டாது. நோய் இருந்த இடத்திலேயே இருக்க, அதன்மேல் புதுமை அமர்கிறது.

உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. இந்த வித்தையை அறிந்த மெக்கானிக்குகளில் பலர் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்களுடைய பட்டறையில் கைவேலை கற்க வருகிற பையன்கள் ஸ்கானரைச் செருகித் திரையில் தோன்றும் எண்ணைப் படிக்கப் பழகியவர்கள். அதில் குற்றமில்லை. தமிழகத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனத் தொழில்நுட்பக் கூடங்களாக உயர்த்தியிருப்பது போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் எண் எதுவும் தோன்றாத இடத்தில், காரணத்தைப் படிப்படியாக ஒதுக்கிக்கொண்டே போய் உண்மையான குற்றத்தை அடைகிற புத்தியை ஒரு மாணவனுக்கு ஊட்டுவதற்கு, கையில் அடங்குகிற இந்த டிஸ்ட்ரிபியூட்டரைவிடச் சிறந்த பாடப்பொருளை நான் அறியேன். மோட்டார் மெக்கானிக் பிரிவின் இரண்டு வருஷப் படிப்பில் ஒரு வாரத்தை இதற்கு ஒதுக்கி, ஊரிலுள்ள மூத்த மெக்கானிக் ஒருவரை மரியாதையுடன் அழைத்துச் சன்மானம் தந்து, பிள்ளைகள் கையாலேயே பிரித்துக் கோக்கச் செய்வது தருமபுரியில் அசாத்தியமான காரியமல்ல.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். புதியது வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள்; கழற்றிய பழைய டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாமல், பக்கத்து ஐ.டி.ஐ.யின் மோட்டார் பிரிவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.