ஏரி தூர்ந்திருக்க மாளிகை எதற்கு?

மாளிகை எழுப்ப வேண்டுமாம், மாளிகை! அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலே, கோயிலுக்குத் தென்மேற்கே கிடக்கும் மாளிகைமேட்டிலே, இராசேந்திர சோழன் வீற்றிருந்த அரண்மனையைத் தூணும் மாடமும் துலங்க மீண்டும் கட்டி நிறுத்த வேண்டுமாம். மேடையிலே கேட்கிறோம் இந்தப் பேச்சை. விழாப் பந்தலிலே கேட்கிறோம். தேநீர்க் கடை பெஞ்சியிலேயும் கேட்கிறோம். "உரோமானியன் மறைந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டு ஆயிற்று. அவன் கட்டிய ஊரை ஜெர்மானியன் திரும்பக் கட்டி, சீட்டுக் கொடுத்து உலகத்தாருக்குக் காட்டுகிறான். கடாரம் வென்றவனுக்கு நாம் ஒரு மாளிகை கட்டக் கூடாதா?" என்று பேச்சாளர் குரலை உயர்த்துகிறார். கைதட்டல் எழுகிறது. எழத்தானே செய்யும்! தமிழன் நெஞ்சைத் தொட்டு எழுப்பும் கேள்வியாயிற்றே.

கைதட்டல் ஓயட்டும். ஜெர்மானியன் என்னதான் செய்திருக்கிறான் என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

ரைன் ஆற்றங்கரையிலே க்சாண்டன் என்றோர் ஊர். அதையொட்டி, கி.பி. 100 வாக்கில், டிராஜன் என்ற உரோமப் பேரரசன் தன் குலப்பெயரையும் தன் பெயரையும் சூட்டி ஒரு நகரம் அமைத்தான். உரோமர் ஆட்சி போயிற்று, நகரம் பாழாயிற்று. பக்கத்திலே புதிய ஊர் எழுந்தது. புதிய ஊருக்குக் கல் வேண்டும். மாதாகோயில் கட்டவும் கல் வேண்டும். எங்கே போவான்? அருகிலேயே வெட்டிச் செதுக்கிய கல் வேண்டியமட்டும் கிடக்கிறதே! பெயர்த்தான், எடுத்தான், கட்டினான். எஞ்சியது மண்ணுக்குள் இருந்த அடித்தளம் மட்டுந்தான். அந்த இடத்தைத்தான் 1977-இல் தொல்லியல் பூங்காவாகத் திறந்தார்கள்.

அங்கே கட்டியிருக்கிறார்களா? கட்டியிருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கட்டிய விதத்தைக் கவனிக்க வேண்டும். துறைமுகக் கோயிலை முழுதாகக் கட்டவில்லை. ஒரு மூலையிலே சில தூண்கள் முழு உயரத்துக்கு நிற்கின்றன. மற்றவை பாதியோடு நிற்கின்றன. மேடைக்கு அடியிலே போனால் பழைய அடித்தளத்தைக் கண்ணாலே காணலாம். இது அவன் வைத்தது, இது நாம் வைத்தது என்று பள்ளிச் சிறுவனும் பிரித்தறியலாம். 2008-இல் திறந்த அருங்காட்சியகமோ, பழைய குளியல் மண்டபத்தின் அடித்தளத்தின்மேலே, அதே அளவிலே, இரும்பும் கண்ணாடியுமாக எழுந்திருக்கிறது. மண்டபத்தின் பருமன் தெரிகிறது. ஆனால் இதுதான் பழைய மண்டபம் என்று யாரும் மயங்க வழியில்லை. அடக்கமான வேலை!

அதே ஜெர்மனியிலே இன்னொரு காட்சியும் உண்டு. பிராங்பர்ட் நகருக்கு வடக்கே, சால்பர்க் என்ற உரோமக் கோட்டை. அதைக் கட்டியெழுப்பச் செய்தவர் இரண்டாம் வில்ஹெல்ம். கைசர்! சீசர் என்ற பெயரே கைசர் ஆயிற்று. ஆகவே தமக்கும் உரோமச் சக்கரவர்த்திக்கும் ஏதோ பங்காளி உறவு இருப்பதாக அவருக்கு நினைப்பு. 1897 முதல் 1907 வரை வேலை நடந்தது. வாயிலிலே உரோம அரசனுக்குச் சிலை. சிலையின் கீழே, வைத்தவர் ஜெர்மானியச் சக்கரவர்த்தி என்று இலத்தீன் எழுத்து! பின்னால் வந்த ஆராய்ச்சியாளர் என்ன கண்டனர்? மதில்மேலுள்ள பல்வரிசைகளை மிக நெருக்கமாக வைத்துவிட்டார்கள். உரோமர் மதிலுக்கு வெள்ளைப் பூச்சுப் பூசியிருந்தனர். இவர்களோ கல்லை வெறுமனே விட்டுவிட்டார்கள். காகிதத்தில் எழுதிய பிழையை அழிக்கலாம். கல்லில் கட்டிய பிழையை என்ன செய்வது? 1918-இலே கைசர் போய்விட்டார். பிழை மட்டும் இன்றும் நிற்கிறது.

"ஜெர்மனியைப் பார்!" என்று சொல்லும் நண்பர்களை நாம் கேட்பது இதுதான்: எந்த ஜெர்மனியை, அய்யா? க்சாண்டனையா, சால்பர்க்கையா?

மாளிகைமேட்டுக்குப் போவோம். பெயரைக் கேட்டுக் கோபுரத்தை எதிர்பார்த்து வருவோர் ஏமாந்துதான் போவர். தோண்டிய குழிகள், குழிக்குள்ளே செங்கற் சுவரின் அடிப்பகுதி, மரத்தூண் நிற்பதற்காக வைத்த கருங்கல் அடிகள். 1980-81-இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கே தோண்டத் தொடங்கியது, இடையிடையே தொடர்ந்தது, 2021 முதல் மீண்டும் தோண்டியது. கிடைத்தவை கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், கண்ணாடி வளையல் துண்டுகள், தந்தத்தில் செய்த சிறு பொருள்கள், சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள். சோழகேரளன் திருமாளிகை என்று கல்வெட்டிலே பேர்பெற்ற அரண்மனையின் மிச்சம் இவ்வளவே.

கோயில் மட்டும் 55 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறதே, அரண்மனை ஏன் நிற்கவில்லை? ஆண்டவனுக்குக் கல், ஆண்டவருக்குச் செங்கல்லும் மரமும். அந்தக் காலத்து வழக்கம் அது. நாடாண்ட மன்னனே ஓட்டுக் கூரையின் கீழேதான் உறங்கியிருக்கிறான். கோயிலை 2004-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிலே சேர்த்தது. மாளிகைமேட்டிலோ, அதைப் பற்றிச் சொல்ல ஆணியும் ஓடும்தாம் இருக்கின்றன.

ஆணியையும் ஓட்டையும் வைத்துக்கொண்டு மாளிகை கட்டுவதா? எத்தனை மாடி? தெரியாது. மாடத்தின் வடிவம் என்ன? தெரியாது. அரியணை மண்டபத்தின் கதவு எந்தப் பக்கம்? தெரியாது. தெரியாததை எல்லாம் சிமெண்டால் நிரப்பிவிடலாம். அரியலூர்ச் சீமையிலே சிமெண்டுக்கா பஞ்சம்! திரைப்படத்திலே பார்த்த தூணை வைத்து, நாடகத்திலே பார்த்த சிம்மாசனத்தை வைத்து, கட்டி முடித்து, நாடா வெட்டிவிடலாம். நாளை நம் பேரப்பிள்ளை வந்து, "இராசேந்திரன் இங்கேதான் இருந்தானா தாத்தா?" என்று கேட்பான். என்ன விடை சொல்வது?

பக்கத்து மாவட்டமான பெரம்பலூரிலே, சாத்தனூரிலே, ஒரு கல்மரம் கிடக்கிறது. பன்னிரண்டு கோடி ஆண்டுக்கு முந்திய மரம்; கடல் புகுந்து மூடி, கல்லாகிவிட்டது; 18 மீட்டர் நீளம். 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் அதை உலகுக்குத் தெரிவித்தார். அந்த மரத்துக்குச் சிமெண்டிலே கிளை வைத்து, பச்சை வர்ணத்திலே இலை ஒட்ட வேண்டும் என்று யாராவது கேட்கிறோமா? இல்லை. கிடந்தபடி கிடக்கட்டும், வேலி போட்டுக் காப்போம் என்கிறோம். மரத்துக்குக் காட்டும் மரியாதையை மன்னன் வீட்டுச் சுவருக்கும் காட்டினால் என்ன?

இத்தனைக்கும் அந்த ஊரிலே கட்டாமலே நிற்கும் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. சுற்றிலும் உள்ள ஊர்களின் பெயர்தான் அது. உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி! படைக்கலம் இருந்த இடம், மெய்க்காவலர் வாழ்ந்த இடம், சுண்ணாம்பு அரைத்த இடம் என்று, மன்னர் மறைந்து எழுநூறு ஆண்டுக்கு மேலாகியும், மாடு மேய்க்கும் பிள்ளை வாயிலே அந்த நகரம் இருக்கிறது. சுண்ணாம்புக்குழி என்ற பெயரை நாம் தனியே போற்றுகிறோம். மன்னன் பெயரை மெய்க்கீர்த்தி பாடிற்று. சுண்ணாம்பு அரைத்தவனை யார் பாடினார்? அந்த ஊர்ப்பெயர் ஒன்றுதான்.

க்சாண்டனிலே கல் போன கதையைச் சொன்னோம். இங்கேயும் போயிற்று கல். அங்கே போனது இடைக்காலத்தில். இங்கே போனது வெள்ளையன் காலத்தில். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. ஆர்தர் காட்டன் என்ற பொறியாளரின் திட்டம். கல் வேண்டியிருந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் திருமதில் கண்ணிலே பட்டது. பெயர்த்தார்கள், சிற்பக் கற்களும் சேர்ந்தே போயின. ஊரார் சும்மா இருக்கவில்லை. ஏழை எளியவர், வேலைக்காரர் முன்னே நின்று, இயன்றமட்டும் தடுத்தனர். அவர்களுக்குக் கிடைத்தது தண்டனை! அரசாங்கத்தை அவமதித்தார்களாம்! கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்கும் தந்தார்கள். அந்த வாக்கு நிறைவேறவே இல்லை என்று 1855-இல் வெளியான விவரத் தொகுப்பு நூலிலே வெள்ளையரே எழுதி வைத்திருக்கின்றனர். எடுத்தனர் கல்லை, கொடுத்தனர் சொல்லை, காற்றிலே விட்டனர் இரண்டாவதை.

ஆனால் கேளுங்கள், இந்தக் கதையின் மறுபாதியை. அந்தக் கீழணையிலிருந்துதான் வடவாறு பிரிகிறது. வடவாறுதான் வீராணம் ஏரியை நிரப்புகிறது. வீராணம் முதலாம் பராந்தகன் காலத்துச் சோழன் ஏரி. 2004 முதல் அந்த நீர் குழாய் வழியே சென்னைக்கு ஓடுகிறது. சோழன் மதிலின் கல் தாங்கிய நீர், சோழன் ஏரியிலே தங்கி, சென்னையிலே குடத்தை நிரப்புகிறது! கொள்ளை போன கல்கூட உழவனுக்கும் தாகத்துக்கும் உழைத்திருக்கிறது. வெள்ளையனுக்கு நன்றி சொல்லவில்லை நாம்; கல்லுக்குச் சொல்கிறோம்.

இப்போது ஏரிக்கு வருவோம். கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்கு இராசேந்திரன் நட்ட தூண் கல்லாலானது அன்று, நீராலானது. திருவாலங்காட்டுச் செப்பேடு அதைத்தான் நீர்மயமான வெற்றித்தூண் என்கிறது. அதுவே சோழகங்கம், இன்று மக்கள் வாயிலே பொன்னேரி. வடக்குத் தெற்காகப் பதினாறு மைல் நீளம் கரை ஓடிற்று என்று பழைய விவரத் தொகுப்பு சொல்கிறது. தெற்கே கொள்ளிடத்திலிருந்து ஒரு கால்வாய், வடக்கே வெள்ளாற்றிலிருந்து ஒரு கால்வாய். எண்ணிப் பாருங்கள், வென்றுவந்த மன்னர் எத்தனை பேர் தூண் நாட்டினர்! உரோமிலே டிராஜன் நாட்டினான், சண்டைக் காட்சிகளைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கிய கல்தூண். அழகான தூண்தான். அதிலே நெல் விளையுமா?

உரோமரிடம் கற்க வேண்டியது இருக்கிறது என்றால், அது வேறு. கி.மு. 19-இல் அக்ரிப்பா என்பவன் உரோம் நகருக்கு ஒரு நீர்க்கால்வாய் கொண்டுவந்தான். இடையிலே சிதைந்தது, பின்னால் வந்தோர் செப்பனிட்டனர், 1570 வாக்கிலே போப்பாண்டவர்கள் மீண்டும் ஓடச் செய்தனர். இன்று உரோமுக்குப் போகிறவன் காசு எறிகிறானே, திரேவி நீரூற்று, அது அந்தக் கால்வாயின் நீருக்காக எழுந்ததுதான். இரண்டாயிரம் ஆண்டு ஆன பின்னும் வேலை செய்கிற சின்னம்! எத்தனை பூங்கா கட்டினாலும் அதற்கு ஈடாகுமா?

நம்முடைய நீர்த்தூணோ பல்லாண்டாக வண்டல் ஏறி, கால்வாய் அற்று, சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. கரையிலே கண்ட உழவர் ஒருவரிடம், "பெரியவரே, இங்கே அரண்மனை கட்டப்போவதாகச் சொல்கிறார்களே, கேள்விப்பட்டீர்களா?" என்று கேட்டோம். தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு அவர் கேட்டார்: "கட்டட்டுங்க. அரமனைக்கு வர்ற ராசா, ஏரிக்குத் தண்ணி கொண்டாருவாருங்களா?" நாம் பேசிய மேடைப் பேச்சுகளையெல்லாம் அந்த ஒரு கேள்வியின் முன்னே வைத்துப் பார்த்தோம், எடை காணவில்லை.

2025 ஜூலையிலே இந்த ஏரியைச் சீரமைக்கவும் சுற்றுலா வசதி செய்யவும் 19 கோடி ரூபாய்க்கு மேல் தமிழக அரசு அறிவித்தது. சோழபுரத்திலே புதிய அருங்காட்சியகத்துக்கும் அரசு முடிவெடுத்தது. வரவேற்கிறோம், இரு கை கூப்பி வரவேற்கிறோம். ஆனால் எது முதலில் என்பதிலே நமக்கு ஐயம் வேண்டாம். படகுத் துறையும் பூஞ்செடியும் பிறகு வரட்டும். வரத்துக் கால்வாய் முதலில். தண்ணீர் வராத ஏரிக்குப் படகு எதற்கு?

அருங்காட்சியகத்திலே வைக்க வேண்டியவை பற்றியும் இரண்டு சொல். சீனப் பீங்கான் வையுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அதோடு சுண்ணாம்பு அரைத்த முறையைக் காட்டுங்கள். ஓடு சுட்ட சூளையைக் காட்டுங்கள். கரைக்கு மண் சுமந்த கூடையைக் காட்டுங்கள். கூலிக்கு வந்து, வெயிலிலே குந்தி, சிறு கரண்டியும் தூரிகையும் கொண்டு அந்தச் சுவரை வெளிக்கொணர்ந்த உள்ளூர்ப் பெண்களின் படத்தையும் மாட்டுங்கள். மேட்டின் சுவர்களுக்கு மழை படாத கூரை போடுங்கள். மாளிகை எப்படி இருந்திருக்கும் என்று காட்டியே தீர வேண்டுமானால், மேட்டுக்கு வெளியே, தனியிடத்திலே, ஒரு மூலையை மட்டும் கட்டுங்கள். கண்டெடுத்தது இது, ஊகித்தது இது என்று நிறம் பிரித்து எழுதுங்கள். பழைய சுவரின் தலைமேலே ஒரு புதுச் செங்கல்கூட ஏறக் கூடாது.

அணைக்கரைப் பாலத்தின் அருகே ஒரு பலகையும் வேண்டும். கோயில் மதிலின் கல் இந்த அணைக்குள் இருக்கிறது, 1836-இலே அதைத் தடுத்த ஊராருக்குத் தண்டனை கிடைத்தது, தருவதாகச் சொன்ன செங்கல் மதில் வரவில்லை என்று, நல்ல தமிழிலே, பேருந்தில் போகிறவரும் படிக்கும்படி, பெரிய எழுத்திலே!