கேபிள் போட்ட பிறகு

இந்தியாவில் கிராமத் தொலைத்தொடர்புக்கான அரசுக் கொள்கை நாற்பது ஆண்டுகளில் பலமுறை பெயர் மாறியிருக்கிறது. கணக்கெடுக்கும் முறை மட்டும் அதிகம் மாறவில்லை. எத்தனை ஊருக்கு இணைப்பு போனது என்பதுதான் அன்றும் இன்றும் தலைப்புச் செய்தி. போன இணைப்பு ஆண்டில் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்ற கேள்விக்குக் கொள்கை ஆவணங்களில் கிடைத்த இடம் குறைவு, ஒதுக்கிய பணம் அதைவிடக் குறைவு.

தொடக்கம் இப்படி இருக்கவில்லை. 1984-இல் உருவான அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட், 128 இணைப்புகளைத் தாங்கும் கிராமத் தானியங்கி இணைப்பகத்தை வடிவமைத்து, 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலாவதை நிறுவியது. அன்றைய வெளிநாட்டு இணைப்பகங்கள் குளிரூட்டிய அறை கேட்டன. இது ஏ.சி. இல்லாத அறையில், தூசியிலும் வெயிலிலும் ஓடும்படி செய்யப்பட்டது. ஊரின் நிலைமையை முதலில் பார்த்து, அதற்கேற்பக் கருவியைச் செய்த வரிசை அது. பின்னால் வந்த திட்டங்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழானது.

1994-ஆம் ஆண்டு தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 1997-க்குள் எல்லாக் கிராமங்களையும் தொலைபேசி வரம்புக்குள் கொண்டுவருவதாகச் சொன்னது. கெடு தவறியது. உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட கிராமப் பொதுத் தொலைபேசிகளில் சிறு பங்கைத்தான் நிறுவின. அபராதம் கட்டுவது மலிவாக இருந்தது. அரசுத் துறை நிறுவியவற்றில் கணிசமான பகுதி பல்முனை ரேடியோ ரிலே என்ற கம்பியில்லா முறையில் ஓடியது. அதன் உயிர் சூரிய ஒளித் தகட்டிலும் பேட்டரியிலும் இருந்தது. தகடு களவு போனால், பேட்டரி செத்தால், பெட்டி அப்படியே நிற்கும். பதிவேட்டில் மட்டும் அந்த ஊருக்குத் தொலைபேசி உண்டு. இந்த முறையில் நிறுவிய சுமார் 1.85 லட்சம் தொலைபேசிகளைப் பின்னர் வேறு தொழில்நுட்பத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஒரே ஊருக்கு இரண்டு முறை செலவு.

அந்தச் செலவை ஏற்றது, 1999 கொள்கையின் வழியே 2002 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் தந்திச் சட்டத் திருத்தத்தால் சட்டத் தகுதி பெற்ற அனைவருக்குமான சேவைக் கடமை நிதி. நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 விழுக்காடு இதற்கான தீர்வை. இதில் ஒரு நுட்பம் உண்டு. வசூலாகும் பணம் நேராக நிதிக்குப் போவதில்லை. இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்ந்து, நாடாளுமன்றம் ஒதுக்கும்போதுதான் திட்டத்துக்கு வருகிறது. ஆகவே வசூல் ஒரு வேகத்திலும் செலவு வேறொரு வேகத்திலும் நடந்தன. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் இதற்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் சூட்டி, ஆராய்ச்சி உள்ளிட்ட புதிய செலவினங்களையும் உள்ளே சேர்த்தது. பணம் வந்து சேரும் வழி மட்டும் பழையதே.

இந்த நிதியின் மிகப் பெரிய செலவு பாரத்நெட். 2011 அக்டோபரில் தேசியக் கண்ணாடியிழை வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல் பெற்றபோது, சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளை எட்டுவது இலக்கு, மதிப்பீடு சுமார் 20,000 கோடி ரூபாய். முதல் ஒரு லட்சம் ஊராட்சிகள் முடிந்தது 2017 டிசம்பரில். தாமதத்தைவிட வடிவமைப்பே துறையினர் கவனிக்க வேண்டியது. ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சி வரை முழுக்கப் புதுக் கேபிள் போடவில்லை. அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல்.-இன் பழைய இழை எங்கே போகிறதோ அதுவரை அதையே பயன்படுத்தி, அங்கிருந்து மிச்ச தூரத்துக்கு மட்டும் புதிதாகப் போட்டார்கள். காகிதத்தில் இது சிக்கனம். களத்தில், பல ஆண்டு மண்ணுக்குள் கிடந்து, ஆங்காங்கே வெட்டுப்பட்டு ஒட்டுப்போட்ட இழை அது. ஒவ்வொரு ஒட்டும் ஒளியில் கொஞ்சம் விழுங்கும். ஒரே இழையைப் பலருக்குப் பகிரும் ஜிபான் முறையில் பொதுவாக 28 டெசிபெல் வரைதான் இழப்பு தாங்கும். ஒளியைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சமிருப்பதைப் பழைய ஒட்டுகள் தின்றுவிட்டால், புதுக் கேபிள் எவ்வளவு சுத்தமாக இருந்தும் ஊராட்சிக் கருவியில் இணைப்பு விளக்கு எரியாது.

இன்னொன்று, பாதை நேர்கோடாக இருந்தது. நடுவில் ஓரிடத்தில் வெட்டுப்பட்டால் அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் அத்தனையும் போய்விடும். சாலை அகலப்படுத்தும் ஜேசிபிக்கும் 2019-க்குப் பிறகு ஊர்தோறும் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்துக்கும் கேபிள் தெரியாது. தோண்டுபவர் முன்கூட்டித் தகவல் சொல்ல 2023 மார்ச்சில் அரசு ஒரு செயலி கொண்டுவந்தது. ஒன்றிய அளவிலான சிறு ஒப்பந்தக்காரர் அதைத் திறந்து பார்த்தால்தான் பயன். வெட்டு எங்கே என்று ஓடிடிஆர் என்ற சோதனைக் கருவி வைத்துப் பார்த்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஸ்பிளைசிங் இயந்திரமும் ஆளும் வண்டியும் அங்கே போய்ச் சேருவதில்தான் நாள்கள் கழிகின்றன.

கடைசிக் கண்ணி ஊராட்சி அலுவலகம். சுவரில் இழை வந்து முடியும் ஓஎன்டி பெட்டி, பக்கத்தில் பேட்டரி, கூரையில் சூரியத் தகடு. அலுவலகம் திறந்திருந்தால் பெட்டி இயங்கும். செயலர் இரண்டு ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்ப்பவராக இருந்தால் சாவியும் அவரோடு போய்விடும். ஃபேனுக்காக யாரோ பிளக்கைப் பிடுங்கினால், கண்காணிப்பு மையத்தின் திரையில் ‘இணைப்பு அறுந்தது’ என்று மட்டும் தெரியும். பழுதா, பூட்டா, மின்வெட்டா என்று அந்தத் திரை சொல்லாது.

மாநில அரசே பொறுப்பேற்று நடத்தும் முறைக்குத் தமிழ்நாடு ஒரு எடுத்துக்காட்டு. 12,525 ஊராட்சிகளுக்கும் மாநில அரசின் டான்பிநெட் நிறுவனம் வழியாகப் பணி நடக்கிறது. கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் மீது செல்கிறது. பள்ளம் தோண்ட அனுமதி கேட்டு நெடுஞ்சாலைத் துறை வாசலில் நிற்க வேண்டாம், வேலையும் விரைவு. ஆனால் புயலில் கம்பம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் ஒன்றாகப் போகும். கம்பம் மாற்ற வரும் மின்வாரியப் பணியாளருக்குத் தன் கம்பி முதலில், இழை பிறகு. இரு நிறுவனங்களுக்கும் இடையே எழுத்துப்பூர்வமான பராமரிப்பு ஏற்பாடு எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் இம்முறை நிற்கும்.

கேபிள் போட இடம் தரும் வழியுரிமை விதிகள் நெடுங்காலத் தலைவலி. 2016 விதிகள் நிர்வாகக் கட்டணத்துக்குக் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய் என உச்சவரம்பு வைத்தன. மாநிலங்கள் தம் ஆணைகளை அதற்கேற்பத் திருத்த ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. 2025 ஜனவரி 1 முதல் புதிய விதிகள் நடப்பில் உள்ளன.

கோபுரங்களின் கதை வேறு. 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாயில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மிஞ்சியிருந்தவை பெரும்பாலும் மலையும் காடும் எல்லைப்புறமும். அங்கே வன அனுமதி, டீசல் சுமந்து போகும் கூலி, இழை எட்டாததால் செயற்கைக்கோள் வழித் தொடர்பு என்று ஒவ்வொன்றும் இயக்கச் செலவை ஏற்றுகின்றன. வாடிக்கையாளர் எண்ணிக்கையோ சில நூறு. கிராமங்களில் 100 பேருக்கு 60-க்கும் குறைவான இணைப்புகளும் நகரங்களில் 120-க்கும் மேற்பட்டவையும் இருக்கும் நிலையில், இடைவெளியின் ஒரு பகுதி சிக்னலால் அல்ல, ரீசார்ஜ் விலையால் வருவது. மானியம் கோபுரத்துக்கு உண்டு, ரீசார்ஜுக்கு இல்லை.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்திய பாரத்நெட் திட்டம் 1,39,579 கோடி ரூபாய் மதிப்புடையது. வளையப் பாதை, ஐந்தாண்டில் 1.5 கோடி வீட்டு இணைப்புகள், ஊர்த் தொழில்முனைவோருக்கு வருவாய்ப் பங்கு ஆகியவை இதன் கூறுகள். கட்டுபவரே பத்தாண்டு பராமரிக்க வேண்டும் என்பது இவற்றில் முக்கியமானது. முந்தைய திட்டங்களின் பாடம் ஒப்பந்தத்தில் ஏறியிருக்கிறது. இனி வாதம் அளவுகோல் பற்றியது. ஊராட்சிக் கருவி மையத்துக்குப் பதில் சொன்னாலே சேவை நடப்பதாகக் கணக்கிடலாம். அல்லது ஊரிலுள்ள பள்ளியிலும் துணை சுகாதார நிலையத்திலும் மாலை ஆறு மணிக்குக் கிடைக்கும் வேகத்தைப் பதிவு செய்து, அதன்படி பில் தொகையைக் குறைக்கலாம். முதலாவது எளிது, ஒப்பந்தக்காரருக்கும் பிடித்தது. இரண்டாவதற்கு ஊராட்சி மன்றத்தின் கையொப்பம் பில்லில் வேண்டும். திட்டத்தை நடத்தும் பி.எஸ்.என்.எல். எந்த அளவைக் கேட்டு வாங்கப்போகிறது என்பது பராமரிப்புக் காலத்தின் முதல் காலாண்டுப் பில்களிலேயே தெரிந்துவிடும்.