மறைக்கத் தக்கதும் மறைக்கத் தகாததும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அருகில் வந்து, "ஹஜ்ரத்திடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, உங்களிடம் கேட்கலாமா, மாமா?" என்றார். மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கெழுதும் வேலையில் அவர் சேர்ந்து அப்போது மூன்று வாரங்களே ஆகியிருந்தன. ஆறு மாதம் பார்த்த பின்னரே வேலை நிலைக்கும் என்பது ஏற்பாடு.

சரக்குச் சீட்டில் 6,300 ரூபாய் என்றிருந்ததைப் பில்லில் 3,600 என்று பதிந்துவிட்டாராம். சில்லறை வியாபாரியும் பில்லில் கண்டபடி பணத்தைச் செலுத்திவிட்டுப் போய்விட்டார். (அவர் கவனித்தாரா, இல்லையா என்பதை அல்லாஹ்வே அறிவான்.) நான்கு நாள் கழித்து இளைஞர் தாமாகவே பிழையைக் கண்டுகொண்டார். வேறு எவர் கண்ணிலும் அது படவில்லை. இலட்சக் கணக்கில் கொள்முதலும் விற்பனையும் நடக்கும் கடைக்கு 2,700 ரூபாய் பெரிய தொகையன்று. சொல்வதா, விட்டுவிடுவதா என்பதே அவருடைய கேள்வி.

எண்கள் இடம் மாறுவது கணக்கெழுதுவோர் எல்லோருக்கும் நேர்ந்த பிழைதான். இரண்டு இலக்கங்கள் இப்படி மாறி விழுந்தால் வரும் வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடும் என்பது பழைய கணக்குப்பிள்ளைகள் அறிந்த சூட்சுமம். 2,700-ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். பிழையைக் கண்டுபிடிக்க ஒரு சூட்சுமமே உருவாகும் அளவுக்கு அது சாதாரணமானது. ஆகவே பிழை நேர்ந்ததைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் பேசவில்லை.

என்னைச் சிந்திக்க வைத்தது அவருடைய நண்பர் கூறிய யோசனை. "அல்லாஹ் மறைத்து வைத்ததை நீ ஏன் வெளிப்படுத்த வேண்டும்?" என்று அவர் கேட்டாராம். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. இரவில் செய்த பாவத்தை இறைவன் மறைத்திருக்க, காலையில் அதைத் தானே பிறரிடம் சொல்லித் திரிபவனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். தன் குறையைத் தம்பட்டம் அடிப்பது மார்க்கம் விரும்பும் பண்பன்று. ஆயினும் அந்த அறிவுரை அடியானுக்கும் இறைவனுக்கும் இடையே உள்ளதைப் பற்றியது. இங்கே மற்றொரு மனிதரின் உரிமை நடுவில் நிற்கிறது. ஹக்குல் இபாத் எனப்படும் மனிதர் உரிமை, உரியவரிடம் திரும்பச் சேர்த்தாலோ, அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலோ தவிரத் தீராது என்பது மார்க்க அறிஞர்கள் ஒருமித்துச் சொல்வது. 2,700 ரூபாயை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் முதலாளிக்கு உண்டு. மூன்று வாரக் குமாஸ்தாவுக்கு இல்லை.

இளைஞர் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார். அவருக்கெனத் தனிக் கடவுச்சொல் இன்னும் தரப்படவில்லை. மூத்த கணக்கர் திறந்து வைத்த கணினியில்தான் அவர் பதிந்திருக்கிறார். அப்படியானால் அந்தப் பதிவு இருபது ஆண்டுகளாக அங்கே உழைக்கும் ஒருவரின் பெயரில் நிற்கிறது! வருடக் கடைசியில் தணிக்கையின்போது அது வெளிப்பட்டால் யாரிடம் விளக்கம் கேட்பார்கள்? தன் பிழையைக் குற்றமற்றவர்மீது போடுவதைத் திருமறையின் அந்நிஸா அத்தியாயம் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்பதை ஓதியவர் அறிவர். வாயால் பழி சுமத்தவில்லையே என்று இங்கே தப்பிக்க முடியாது. மௌனமே அந்த வேலையைச் செய்துவிடும்.

யாருக்கும் தெரியாமல் தாமே திருத்திவிட்டால் என்ன என்றும் கேட்டார். வியாபாரியிடமிருந்து வரவேண்டிய பணம் அதனால் வந்துவிடாது. அன்றியும், பேரேட்டில் தவறிய எண்ணைச் சுரண்டி அழிக்கலாகாது. கோடிட்டு, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது கணக்குத் தொழிலின் பழைய ஒழுங்கு. கணினிக்கும் அவ்வொழுங்கு வந்துவிட்டது. நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கையாளும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியுடன் பதிந்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தனியொருவரின் கடையை அவ்விதி கட்டுப்படுத்தாது என்றாலும், இரகசியத் திருத்தம் எத்தகைய கண்ணுடன் பார்க்கப்படுகிறது என்பதை அது காட்டுகிறது. பிறர் எவரையும் தொடாத பிழையாயின் பேச்சு வேறு. அன்றே கண்டு அன்றே திருத்திய எழுத்துப் பிழைகளை எல்லாம் முதலாளியின் மேசைக்குச் சுமந்து செல்வது நேர்மையன்று, தொல்லை.

தபூக் படையெடுப்புக்குச் செல்லாமல் பின்தங்கிய கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் வரலாறு என் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 630-இல் நிகழ்ந்தது அது. பின்தங்கியோரில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஏதேதோ காரணம் சொல்லி, சத்தியமும் செய்து விடைபெற்றுச் சென்றனர். சொல்வன்மை மிக்க கவிஞரான கஅப் (ரலி) அவர்களோ தமக்குக் காரணம் ஏதும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். இதில் பலரும் கவனியாத பகுதி ஒன்று உண்டு. அவர்கள் வெளியே வந்ததும் சொந்தக் குலத்தாரே பின்தொடர்ந்து, "நீரும் ஒரு காரணம் சொல்லியிருக்கலாமே" என்று கடிந்துகொண்டார்கள். திரும்பிப் போய்ச் சொன்னதை மாற்றிக் கூறிவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு அவர்களை வற்புறுத்தினார்கள். பிறகு ஐம்பது நாள் எவரும் பேசாத தனிமை. அதன் பின்னரே மன்னிப்பு இறங்கிற்று. உண்மை சொன்னவருக்கு உடனே மாலை விழும் என்று நான் இளைஞருக்கு வாக்களிக்காததற்கு இந்த ஐம்பது நாள்களே காரணம்.

முதலாளிமார்களுக்கும் ஒரு சொல். அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயது முதல் பத்தாண்டுகள் அண்ணலாருக்குப் பணிவிடை செய்தவர்கள். ஏன் இதைச் செய்தாய், ஏன் இதைச் செய்யவில்லை என்று ஒருநாளும் தம்மை அண்ணலார் கேட்டதில்லை என்பது அவர்கள் தந்த சாட்சியம். சிறு பிழைக்கே வேலையாள் நடுங்கும் கடையில் பிழைகள் குறைவதில்லை. காதுக்கு வருவதுதான் குறைகிறது. அந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது.

இளைஞரிடம் நான் சொன்னது சுருக்கமானது. முதலில் மூத்த கணக்கரிடம் சொல்லுங்கள். பிறகு இருவருமாக முதலாளியிடம் செல்லுங்கள். தேதி, பில் எண், வித்தியாசத் தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அழவும் வேண்டாம், வேலைப்பளுவைக் காரணம் காட்டவும் வேண்டாம் என்றேன்.

அடுத்த ஜும்ஆவில் சந்தித்தார். முதலாளி சற்றுக் கடுமையாகவே பேசினாராம். சில்லறை வியாபாரி 2,700 ரூபாயை அடுத்த பில்லோடு சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வேலை நிலைக்குமா என்பது ஆறு மாதம் கழிந்த பிறகே தெரியும். மூத்த கணக்கர் மட்டும் மறுநாளே அவருக்குத் தனிக் கடவுச்சொல் வாங்கிக் கொடுத்துவிட்டார்.