30 லட்சம் வேண்டாம், 10 ரூபாய் போதும்!



மருதமலை அடிவாரத்தில் 1982 முதல் பாரதியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. லாலி ரோட்டில் 1971 முதல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே உதவிப் பேராசிரியர் பணிக்கு விளம்பரம் வந்தால் உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் எத்தனை பேர் மனுப் போடுகிறோம்? கேட்டால் ஒரே பதில்தான்: "அதெல்லாம் காசு உள்ளவனுக்குத்தான் பாய்!"

இந்தப் பேச்சு சும்மா வரவில்லை. உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் 30 லட்சம் ரூபாய் லஞ்சம் பெற்றதாக, பாரதியார் பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தர் கணபதியை 2018 பிப்ரவரியில் லஞ்ச ஒழிப்புப் போலீசார் கைது செய்தார்கள். ஊரே பேசியது. ஆனால் போலீஸ் எப்படி வந்தது? அந்த உதவிப் பேராசிரியரே புகார் கொடுத்ததால் வந்தது! இந்தப் பாதியை மட்டும் நாம் மறந்துவிட்டோம். லஞ்சம் வாங்குவதும் ஹராம், கொடுப்பதும் ஹராம். காசு கேட்டால் புகார் கொடுங்கள். அதைச் சாக்காக வைத்து வீட்டில் உட்காராதீர்கள்!

2007-ல் தமிழக அரசு நமக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்தது. 200 பணியிடங்களுக்கு 7 இடம். அது போக, 31 சதவீதப் பொதுப் போட்டியும் நமக்குத் திறந்தே இருக்கிறது. சட்டம் நாற்காலியைத்தான் போடும். உட்காரும் ஆளை யார் அனுப்புவது?

அந்த 7-ல் எத்தனை நிரம்பியிருக்கிறது? டீக்கடையில் விவாதித்தால் தெரியாது. தகவல் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. கட்டணம் வெறும் 10 ரூபாய். எந்தத் துறையில் எத்தனை இடம், முஸ்லிம் ஒதுக்கீட்டில் எத்தனை பேர், காலியிடம் எத்தனை என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்!

தகுதி என்ன? முதுகலையில் 55 சதவீத மதிப்பெண், அதன்மேல் நெட் அல்லது செட் தேர்ச்சி. உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023 ஜூலையில் யுஜிசி விதியைத் திருத்திவிட்டது. நெட் தேர்வு ஆண்டுக்கு இருமுறை. அதில் முன்னணியில் வந்தால் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை, 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஒன்றை மறவாதீர்கள்: மாநில அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழ் நெட்டுக்குச் செல்லாது. மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்கி வைக்க வேண்டும்.

வியாபாரப் பெருமக்களே! சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-ல் மத்திய அரசு நிறுத்தியது. கண்டித்தோம், சரி. அந்த இடத்தை நிரப்ப நாம் என்ன செய்தோம்? ஒரே நாள் கல்யாண விருந்துக்கு லட்சங்களை இறைக்கிறோம். அதில் பாதியை மிச்சம் பிடித்தால் ஒரு பிள்ளை இரண்டு வருடம் கவலையின்றிப் படிக்காதா? முதுகலை முடித்த பெண் பிள்ளைகளை நெட் எழுத விடாமல் வீட்டில் பூட்டி வைப்பது யாருக்கு லாபம்?

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் மஹல்லாவில் முதுகலை படித்தவர்களின் பட்டியலை எடுக்கட்டும். அவர்களில் இருவரையாவது அடுத்த நெட் தேர்வுக்குப் புத்தகமும் கட்டணமும் தந்து அனுப்பட்டும். இளைஞர்களே, நீங்கள் இந்த வாரமே அந்த 10 ரூபாய் மனுவை எழுதுங்கள்!

கேட்டு வாங்கிய உரிமையைக் காலியாக விட்டால், நாளை அதைப் பறிக்க வருபவனிடம் எந்த முகத்தோடு வாதாடுவோம்?