கூரை மேல் ஒரு குடித்தனம்

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்துக்குக் கிளம்புகிறவர்கள் பிக்கப் வண்டியை ஜோடிக்கிற அழகே தனி. கூரையில் கூடாரம், பக்கத்தில் ஸ்டெப்னி, தண்ணீர் கேன், மண்வெட்டி... (கல்யாண சீர்வரிசை தோற்றது போங்க!) கூடாரம் மட்டுமே 60 கிலோ தேறும். மேலே கனம் ஏற ஏற, மணல்மேட்டில் லேசாகச் சாய்ந்தாலும் வண்டி குடைசாயும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ; அது இருக்க வேண்டிய இடம் பின்தளத்தின் அடி.

பேர்ட்ஸ்வில் பக்கத்து 'பிக் ரெட்' மேட்டில் வின்ச் என்ன செய்யும்? கயிற்றை மாட்ட மரமா நிற்கிறது? டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் போதும், டயர் பரவி மணலில் புதையாமல் ஏறும். திரும்ப நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர். மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்குத் தெரிய உயரமான கம்பில் கொடி கட்டாயம். இதையெல்லாம் விட்டுவிட்டு வரிசையாக விளக்கு மாட்டுகிறார்கள். ராத்திரியில் மணல்மேடு ஏறப்போவதும் இல்லை!