சும்மா நின்னா பவர் வருமா?

குங்ஃபூ படங்கள்ல அடிக்கடி வர்ற சீன் இது. வெள்ளைத் தாடி, ஒல்லி உடம்பு, காத்தடிச்சா பறந்துடுவார் போல ஒரு தாத்தா. எதிரே மாமிச மலை மாதிரி ஒரு வில்லன். தாத்தா உள்ளங்கையை வில்லன் நெஞ்சில் லேசா வைப்பார். அவ்வளவுதான்... வில்லன் நாலு டேபிளை உடைச்சிக்கிட்டுப் போய் விழுவான்!

'எல்லாம் கயிறு கட்டி இழுக்குறது மச்சி' என்று பக்கத்து சீட் நண்பன் சொல்வான். படத்தில் கயிறுதான், சந்தேகமே இல்லை. ஆனால், அந்த சீனுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு பயிற்சி இருக்கிறது. சீனர்கள் அதை 'நெய்ஜின்' என்கிறார்கள். உள்ளிருந்து வரும் விசை. இந்த வாரம் அதைத்தான் கொஞ்சம் கழற்றிப் பார்க்கப் போறோம்.

மூணு பங்காளிகள்

சீனத் தற்காப்புக் கலைகளை 'உள்', 'வெளி' என்று பிரிக்கும் பழக்கம் ரொம்பப் பழசு. 1669-ல் ஹுவாங் சோங்சி என்ற அறிஞர், ஒரு வீரரின் கல்லறைக்காக எழுதிய குறிப்பிலேயே இந்தப் பிரிவு வந்துவிட்டது. இன்றைக்கு 'உள்' கோஷ்டி என்றால் முக்கியமாக மூன்று கலைகள்: தைச்சி, ஷிங்யி, பாகுவா. மூன்றையும் கரைத்துக் குடித்தவர் சுன் லூதாங் (1860-1933). மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்று புத்தகம் போட்டு ஊரறியச் செய்தவரும் அவர்தான்.

'தைச்சியா? பார்க்ல தாத்தா பாட்டிங்க ஸ்லோமோஷன்ல ஆடுறதுதானே?' என்று சிரிக்காதீங்க. ஹெனான் மாகாணத்தில் உள்ள சென் கிராமம்தான் இதன் தாய்வீடு. அந்தப் பாணியில் இன்றைக்கும் மெதுவான அசைவுகளுக்கு நடுவே காலைத் தரையில் ஓங்கி மிதிப்பார்கள், சாட்டையைச் சொடுக்கின மாதிரி கையை வீசுவார்கள். மெதுவாகச் செய்வது பயிற்சி. அதை வேகமாக வெளியே விடுவதற்குப் பெயர் 'ஃபாஜின்'.

தள்ளுனது கையா, காலா?

முரட்டு பலத்துக்குச் சீனத்தில் 'லீ' என்று பெயர். பழக்கிச் செதுக்கிய பலம் 'ஜின்'. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

பெட்ரோல் தீர்ந்துபோன பைக்கைத் தள்ளியிருப்பீங்கள்ல? கையால மட்டும் தள்ளினா பத்தடி போறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும். அப்புறம் உடம்பு தானாகவே ஒரு வேலை செய்யும். கையை நிலையா வெச்சிக்கிட்டு, முன்னால சாஞ்சு, காலால தரையை உதைக்கும். வண்டி நகரும். இப்போ தள்ளியது கால். கை வெறும் குழாய்தான். ஜின்னின் அரிச்சுவடி இதுதான். பாதத்தில் கிளம்பும் விசை கால் வழியாக ஏறி, இடுப்பில் திசை திரும்பி, கையில் வெளியே வர வேண்டும். நடுவில் எங்கேயும் லீக் ஆகக் கூடாது.

லீக் எங்கே ஆகும்? பெரும்பாலும் தோளில். ட்ரைசெப்ஸ் கையை நீட்டும், பைசெப்ஸ் மடக்கும். கோபத்தில் விறைத்துக்கொண்டு குத்தும்போது ரெண்டும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வண்டி ஓட்டுற கதை. அதனால்தான் 'சோங்', அதாவது தளர்த்து என்று மாஸ்டர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். தளர்த்துவது என்றால் ஈரத்துணி மாதிரி தொய்ந்து போவது இல்லை. தேவையில்லாத இறுக்கத்தை மட்டும் விடுவது.

மரத்தைக் கட்டிப் பிடி

இதைப் பழக ஒரு வழி, அசையாமல் நிற்பது! 'ஜான் ஜுவாங்' என்று பெயர். ஷிங்யி படித்த வாங் ஷியாங்ஜாய் (1885-1963), நீளமான அடவு வரிசைகளை ஓரங்கட்டிவிட்டு இந்த நிற்பதையே மையமாக வைத்து 'யிச்சுவான்' என்ற கலையை உருவாக்கினார்.

கால்களைத் தோள் அகலத்துக்கு வையுங்க. முட்டியை லேசா மடக்குங்க, விரல் நுனியைத் தாண்ட வேண்டாம். தலையை உச்சியில் நூல் கட்டித் தூக்கின மாதிரி வெச்சிக்கோங்க. கைகளை நெஞ்சுக்கு நேரே வட்டமா, ஒரு மரத்தைக் கட்டிப்பிடிச்ச மாதிரி தூக்குங்க. தோள் இறங்கியிருக்கணும், மூச்சு அது பாட்டுக்கு ஓடணும். ஆரம்பத்தில் அஞ்சே நிமிஷம். ரெண்டாவது நிமிஷத்திலேயே தோள் எரியலாம், தொடை நடுங்கலாம். எந்தத் தசை சும்மா இறுகிக் கிடக்குதுனு உடம்பு காட்டிக்கொடுக்கிற நேரம் அது. ஒவ்வொன்றாக விட்டுப் பழகணும். முட்டியில் வலி வந்தால் மட்டும் உடனே நிமிர்ந்து நில்லுங்க.

அடுத்தது 'துய்ஷோ'. ரெண்டு பேர் கையோடு கை ஒட்டி, ஒருத்தர் நிலையை ஒருத்தர் குலைக்கும் பயிற்சி. எதிராளி எப்போ தள்ளப்போறார், எந்தக் காலில் கனம் இருக்குனு தொடுதலிலேயே கண்டுபிடிக்கணும். இதற்குச் சீனத்தில் வைத்திருக்கும் பெயருக்கு 'கேட்கும் விசை' என்று அர்த்தம். காதால் இல்லை, தோலால் கேட்பது!

உதார் மாஸ்டர்கள் உஷார்

இப்போ கசப்பான மேட்டர். 2017 ஏப்ரலில் செங்டு நகரில் வெய் லெய் என்ற தைச்சி மாஸ்டரும், ஷூ ஷியாவ்டோங் என்ற எம்.எம்.ஏ. வீரரும் மோதினார்கள். அரை நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்காமல் தைச்சி மாஸ்டர் தரையில். அந்த வீடியோ சீனாவையே கலக்கியது.

அப்போ உள்விசை எல்லாம் கப்ஸாவா? அப்படி இல்லை. உடம்பை ஒன்றாகச் சேர்த்துப் பழகுவது ஒரு சப்ஜெக்ட், சண்டை போடுவது இன்னொரு சப்ஜெக்ட். இன்ஜின் சூப்பரா இருக்குங்கிறதுக்காக ஒருத்தருக்கு டிராஃபிக்ல வண்டி ஓட்டத் தெரிஞ்சிடாது. நிஜமாகவே எதிர்க்கிற ஆளோடு மோதிப் பழகாதவர் மேடையில் திணறத்தான் செய்வார்.

அதனால், தொடாமலே ஆளைப் பறக்கவிடுவேன் என்று யாராவது ஃபிலிம் காட்டினால் ஒரு விஷயத்தைக் கவனிங்க. பறக்கிறவங்க எல்லாம் அவரோட சிஷ்யர்கள்தானா? வெளியாள் ஒருத்தர் கால் ஊன்றி நின்றால் என்ன ஆகிறது? 'எதிர்க்கக் கூடாது, நம்பணும்' என்று பதில் வந்தால், ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே கும்பிடு போட்டுட்டுக் கிளம்பிடுங்க.

ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் கிடைக்கும் பலன் சின்னது இல்லை. 2012-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பார்க்கின்சன் நோயுள்ள 195 பேர், 24 வாரங்கள். தைச்சி பழகியவர்களுக்கு உடம்பின் சமநிலை மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. வெறும் ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களைவிடக் கீழே விழுவதும் குறைந்தது. 2020-ல் யுனெஸ்கோ தைச்சியை மனிதகுலத்தின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஜிம்மில் ஒரு மாசத்தில் பைசெப்ஸ் தெரியலைன்னா கண்ணாடியைத் திட்டுற ஜெனரேஷன் நாம. இதில் கண்ணாடியில் காட்ட ஒண்ணுமே இருக்காது பாஸ். ரூம்மேட் வந்து தோளைத் தள்ளும்போதுதான் தெரியும், உங்க கால் தரையில இருக்கா இல்லையான்னு. நாளைக்குக் காலையில அலாரம் அடிச்சதும் செல்லைத் தேடுறதுக்கு முன்னாடி, அஞ்சு நிமிஷம் நின்னுதான் பாருங்களேன்!